காவல் பிறழ்ந்த உடல்

மாந்தர் உடலில் 600க்கு மேற்பட்ட தசைகள் உள்ளன. நடத்தல், ஓடுதல், எடுத்தல், எறிதல் ஆகிய பெருந்தொழில்களேயன்றி, விழுங்குதலும் பேசுதலும் மூச்சை உள்வாங்குதலும் அவற்றாலேயே நிகழ்கின்றன. உடல் நலமாக இருக்குமளவும் எவரும் தம் தசையை நினைப்பதில்லை. பாயைவிட்டு எழும் சிறுவன், தன்னைத் தூக்கி நிறுத்துதற்கு இடுப்பிலும் தொடையிலும் எத்தனை தசைகள் ஒருங்கே சுருங்கின என்று எண்ணிப் பார்ப்பதுண்டோ? அத்தொழில் தடைப்படும்பொழுதே அதன் அருமை புலனாகின்றது.

அங்ஙனம் தடைப்படுத்தும் நோய்கள் பல. அவற்றுள் ஒன்று, வெளியிலிருந்து வந்த பகையால் அன்றி, உடலைக் காக்கும் ஆற்றலாலேயே தசை நலிவது. தோலும் தசையும் ஒருங்கே அழற்சியுறுதலின் அதனைத் தோல்தசை அழற்சி என்பர். செர்மானிய மருத்துவர் வாக்னர் என்பார் 1863ஆம் ஆண்டில் இத்தகைய தசைநோயொன்றை விரித்துரைத்தார். அந்நாட்டவரே ஆகிய உன்வெரிக்ட் என்பார் 1891ஆம் ஆண்டில் தோலையும் தசையையும் இணைத்து இந்நோய்க்குப் பெயரிட்டார். இது முதியோர்க்கும் வரும், சிறார்க்கும் வரும். சிறாரிடத்து மிக அரிது. பத்து இலட்சம் குழந்தைகளுள் ஆண்டுதோறும் 2 முதல் 4 பேர்க்கே காண்கின்றது. பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித் தோன்றும். பல நாடுகளில் சிறுவரினும் சிறுமியரே மிகுதியாக இதற்கு ஆளாகின்றனர்.

நோய் வரும் முறை மெல்லியது. ஒரே நாளில் வீழ்த்துவதன்று. முதலில் களைப்புத் தோன்றும். நேற்றுவரை ஓடியாடிய சிறுமி இன்று மாடிப்படி ஏறுங்கால் கைப்பிடியைப் பற்றுவாள். தலைவாரக் கையை உயர்த்தினால் சிறிது நேரத்தில் கை தாழ்ந்துவிடும். படுக்கையில் தலையைத் தூக்குதல் அரிதாகும். தரையிலிருந்து எழுங்கால் கைகளை முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறி ஊன்றி, தன்மேல் தானே ஏறுவாள்போல் எழுவாள். விரல்களிலும் பாதங்களிலும் உள்ள தசைகள் முதலில் அவ்வளவாகத் தளர்வதில்லை. உடலின் நடுப்பகுதியை ஒட்டிய இடுப்பு, தொடை, தோள், கழுத்து ஆகியவற்றின் தசைகளே முதலில் வலியிழக்கின்றன. ஆகவே, எழுதுகோலைப் பிடித்து அழகாக எழுதும் பிள்ளை, எழுந்து நில் என்றால் நிற்கமாட்டாமல் தவிக்கும். காண்போர் இதனைச் சோம்பல் என்றும் சாக்கு என்றும் எண்ணிக் கடிந்துகொள்வதும் உண்டு. நோயினும் அக்கடுஞ்சொல்லே அப்பிள்ளைக்குப் பெருந்துன்பமாகும் என்பதில் ஐயமில்லை.

தோலில் தோன்றும் குறிகள் நோயைக் காட்டிக்கொடுக்கின்றன. மேலிமைகள் செந்நீல நிறம் கொள்ளும். விரல் முட்டிகளின்மேல் சிவந்த தடிப்புகள் எழும். வெயில் பட்டால் இவை மிகும். நோய் முற்றினால் உணவு விழுங்குதல் அரிதாகும். குரல் மூக்கொலியாக மாறும். சிலர்க்கு நாளடைவில் தோலின் அடியில் சுண்ணாம்பு படிந்து கட்டிகளாகும். ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். சளிக்காய்ச்சலின் பின் கால்தசை நோதல் சிறார் பலர்க்கும் உண்டு. அது சில நாளில் தானே நீங்கிவிடும். அதனை இந்நோய் என்று அஞ்சுதல் வேண்டா. வாரங்கள் சென்றும் நீங்காது வளரும் தளர்ச்சியே மருத்துவரிடம் காட்டத்தக்கது.

இனி, காக்கும் ஆற்றல் அழிக்கும் ஆற்றலாக மாறுதல் எவ்வாறு என்பதை நோக்குவோம். குருதியில் உள்ள வெள்ளணுக்கள் உடலாகிய கோட்டையின் காவலர். அவற்றுட் சில, பகைப்பொருளைத் தாமே பற்றி அழிப்பன. சில, எதிர்ப்பொருள் என்னும் புரதங்களை ஆக்கி விடுப்பன. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு பூட்டுக்குரிய திறவுகோல்போல் தனக்குரிய பகையையே சென்று பற்றும். இக்காவலர் தம்மவரையும் அயலவரையும் பிரித்தறிதலே வியப்புக்குரியது.

செர்மானிய அறிஞர் பால் எர்லிக் என்பார் 1900ஆம் ஆண்டை ஒட்டி இதனை ஆடுகளில் ஆராய்ந்தார். ஓர் ஆட்டின் குருதியை வேறோர் ஆட்டின் உடலில் செலுத்தினார். அந்த ஆடு அயற்குருதியை அழிக்கும் எதிர்ப்பொருளை ஆக்கிற்று. ஆயின், தன் குருதியை அழிக்கும் பொருளை எந்த ஆடும் ஆக்கவில்லை. உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகின்றது என்று அவர் முடிவு கூறினார். அக்கருத்து நெடுங்காலம் அசைக்கவொண்ணாததாக நின்றது. தன்னைத் தாக்கும் எதிர்ப்பொருள் என்று ஒன்று இருத்தல் இயலாது எனப் பலரும் அதனைப் பிழையாகப் பொருள்கொண்டதே அதற்குக் காரணம். பெரியோர் சொல்லைப் பொருளறியாது போற்றினால் விளையும் கேட்டிற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோசு, விட்டெப்சுகி என்னும் இருவர் முயல்களின் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை அம்முயல்களின் காவலாற்றலே தாக்கும்படி செய்து காட்டினர். அதன்பின்னரே, உடல் தன்னைத் தாக்குதலும் கூடும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது.

அங்ஙனமாயின் நலமுள்ளோர் உடலில் இஃது ஏன் நிகழ்வதில்லை? தம்மைத் தாக்கும் அணுக்கள் எல்லார் உடலிலும் சிற்சில உள்ளன. அவற்றை அடக்கிவைக்கும் வேறு அணுக்களும் உள்ளன. காவலரைக் காக்கும் காவலர் என்று அவற்றைச் சொல்லலாம். சப்பானிய அறிஞர் சகாகுச்சி 1995ஆம் ஆண்டில் இவற்றை அடையாளங் காட்டினார். இத்துறையில் உழைத்தமைக்காக அவர்க்கும், அமெரிக்கராகிய மேரி பிரங்கோ, பிரெட் ராம்சுடெல் ஆகியோர்க்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடங்கியிருந்த காவல் பிறழ்தற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். தோல்தசை அழற்சியில் அத்தூண்டுதல் பலகாலும் வைரஸ் என்னும் நச்சுயிரியாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அமெரிக்காவில் இந்நோயுற்ற குழந்தைகளைப் பற்றி 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோய் தோன்றுதற்கு முந்திய மூன்று திங்களுள் இருமல், சளி முதலிய தொற்றுக்கு ஆளானோர் பாதிக்கு மேற்பட்டோர் எனக் கண்டனர். இதுகொண்டு நச்சுயிரியே காரணம் என்று துணிந்துவிடலாகாது. மூன்று திங்களுள் ஒருமுறையேனும் சளி பிடியாத பிள்ளைகள் எத்துணைப் பேர்? ஒன்றன்பின் ஒன்று வந்தமையாலேயே முன்னது காரணம், பின்னது காரியம் என்று கொள்ளுதல் தருக்க நெறியன்று. ஆதலின் அறிஞர் வேறு சான்றும் தேடினர்.

அச்சான்று வந்த வழி சுவையுடையது. 1957ஆம் ஆண்டில் இலண்டன் நகரையடுத்த மில்கில் ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்சு என்னும் பிரித்தானியரும் இழான் லிண்டன்மன் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டினரும் ஒருங்கே உழைத்தனர். காய்ச்சல் விளைக்கும் இன்புளுயன்சா நச்சுயிரியை வெம்மையால் செயலிழக்கச் செய்து, கோழிமுட்டையின் உட்சவ்வுத் துண்டுகளோடு சேர்த்துவைத்தனர். பின்பு, அத்துண்டுகளைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் இட்டனர். அப்புதிய துண்டுகளில், உயிருள்ள நச்சுயிரியை விட்டபோதும் அது பெருகவில்லை. முதலில் தாக்குண்ட உயிரணுக்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரித்திருத்தல் வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தனர். அப்பொருளுக்கு இன்டர்பெரான் எனப் பெயரிட்டனர். ஊரின் எல்லையில் பகைவர் புகுந்தால் அங்குள்ளோர் முரசறைந்து அடுத்த தெருவினரை எழுப்புதலை ஒத்தது இது. முரசொலி கேட்ட அணுக்கள் கதவடைத்துக்கொள்ளும். காவலரும் படைக்கலம் ஏந்தி விரைவர்.

பகை ஒழிந்தபின் முரசு ஓய்தல் வேண்டும். தோல்தசை அழற்சியில் அஃது ஓயவில்லை. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாசுடன் நகரில் கிரீன்பர்க் என்பாரும் அவர் துணைவரும் நோயாளரின் தசைத் துண்டுகளை ஆராய்ந்து, இன்டர்பெரானால் எழுப்பப்படும் மரபணுக்கள் அவற்றில் மிகுதியாகத் தொழிற்படுதலைக் கண்டனர். பகை புகுந்த ஊரில் காணும் ஆரவாரம் அத்தனையும் அங்கு இருந்தது. பகையைத்தான் காணவில்லை. நோயுற்ற தசையில் நச்சுயிரியைத் தேடியோர் பலர். உறுதியாகக் கண்டோர் இலர்.

1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒருமுறை, கண்டுவிட்டதாகவே பலர் மகிழ்ந்தனர். மின்னணு நுண்காட்டியின் வழியே நோயாளரின் நுண்ணிய குருதிக் குழாய்ச் சுவரில் குழல்போன்ற வடிவங்கள் தெரிந்தன. அவை நச்சுயிரியின் கூறுகள் என்றே கருதப்பட்டன. பின்னர் ஆராய்ந்தபோது, இன்டர்பெரான் மிகுந்த உயிரணுவில் தாமே தோன்றும் வடிவங்கள் அவை எனத் தெரிந்தது. அறிஞர் கண்டது பகைவனை அன்று, முரசொலியின் சுவட்டையே.

மற்றொரு சான்று சப்பானில் கிடைத்தது. இந்நோயுற்றோர் சிலரின் குருதியில் தனிவகை எதிர்ப்பொருள் ஒன்று இருத்தலை அந்நாட்டறிஞர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது பற்றுவது எப்பொருளை என்பது 2009ஆம் ஆண்டில் துலங்கிற்று. எம்.டி.ஏ.5 என்னும் புரதம் அது. உயிரணுவினுள் நச்சுயிரி புகுந்தால் முதலில் மோப்பம் பிடித்து முரசறையத் தூண்டும் ஒற்றன் அப்புரதமே. காவலர் தம் ஒற்றனையே பகைவன் எனப் பற்றினர் என்றால், அவ்வொற்றன் பகைவனோடு போரிட்ட களத்திலேயே குழப்பம் விளைந்திருக்கலாம் அன்றோ? இவ்வெதிர்ப்பொருள் உடையோர்க்குத் தசை பெரிதும் நலியாமலே நுரையீரல் கடுமையாகக் கெடுதலும் உண்டு. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 முதல் 2022 வரை, இங்கிலாந்தின் யார்க்சையர் பகுதியில் இவ்வகை எதிர்ப்பொருள் உடையோர் தொகை கூடியதை அங்குள்ள மருத்துவர் 2024ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர்.

முரசு ஓயாமையே காரணம் என்பது ஒரு கருத்து. ஒப்புமையால் வந்த மயக்கமே காரணம் என்பது வேறொரு கருத்து. இதனை விளங்கிக்கொள்ளத் தமிழ் மாணவர்க்குச் சிலப்பதிகாரமே போதும். கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பு, அரசியின் சிலம்பைப் புறத்தே ஒத்திருந்தது. உள்ளே இருந்த பரல்களோ வேறு: கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. புறத்தோற்றத்தின் ஒப்புமை பொற்கொல்லனின் வஞ்சகத்திற்கு இடந்தந்தது. ஆராயாது ஏவப்பட்ட காவலர் கையால் குற்றமற்றவன் வெட்டுண்டான். அதுபோலவே, நச்சுயிரியின் புரதத்தில் ஒரு பகுதி, உடலுக்குரிய புரதத்தின் ஒரு பகுதியைப் புறத்தே ஒத்திருத்தல் கூடும். ஒன்றைத் தாக்க எழுந்த எதிர்ப்பொருள் மற்றொன்றையும் தாக்கும். தோல்தசை அழற்சியில் இவ்விரு கருத்தும் இன்னும் ஆராயப்படுகின்றன. நச்சுயிரித் தொற்று எல்லார்க்கும் வந்தும் நோய் மிகச் சிலர்க்கே வருதலின், பெற்றோர்வழி வந்த உடலியல்பும் ஒரு காரணமாதல் தெளிவு. ஆயினும், இது தொற்றுநோயன்று. நோயுற்ற பிள்ளையின் அருகில் அமர்தலாலும் கூடி விளையாடுதலாலும் பிறர்க்குப் பரவுவதில்லை.

காவலரின் தாக்குதல் தசையிழையின்மீது நேரே விழுவதினும், அதற்கு உணவூட்டும் மயிரிழையன்ன குருதிக் குழாய்களின்மீது மிகுதியாக விழுகின்றது. குழாய்கள் அழியவே குருதி வரத்துக் குறைகின்றது. தசையிழைகள் கட்டுக்கட்டாக அமைந்தவை. ஒவ்வொரு கட்டின் விளிம்பில் உள்ள இழைகளே முதலில் சுருங்குகின்றன. வாய்க்கால் அடைபட்டால் கடைமடைப் பயிர் முதலில் வாடுமன்றோ? நுண்காட்டியில் விளிம்பிழைகள் மெலிந்து தோன்றுதலைக் கண்டே மருத்துவர் இந்நோயைப் பிறவற்றினின்று பிரித்தறிவர்.

நலிந்த தசையினின்று சில பொருள்கள் கசிந்து குருதியில் கலக்கும். அவற்றுள் கிரியாட்டின் கைனேசு என்னும் நொதியை அளந்து நோயின் கடுமையை மதிப்பிடுவர். இந்நொதி கையாளும் எரிபொருளைத் தசையில் கண்டறிந்தவருள் ஒருவர் சென்னையில் பயின்றவர் என்பதை இங்குக் குறிப்பிடல் தகும். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பார் 1895ஆம் ஆண்டில், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்றார். 1923ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் பிசுக் என்பாரோடு சேர்ந்து, தசை சுருங்குதற்குரிய ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாசுபோகிரியாட்டின் என்னும் பொருளை 1927ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கு 1940ஐ அடுத்த ஆண்டுகளில் அவர்தம் குழுவினரின் உழைப்பால் உருவான மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். குருதிப் புற்றுநோய்க்கென எழுந்த அம்மருந்தே, மிகச் சிறிய அளவில், தோல்தசை அழற்சியில் மிகைபட்ட காவலை அடக்க இன்று உதவுகின்றது. சுப்பாராவ் 1948ஆம் ஆண்டில் மறைந்தார். தசையின் ஆற்றலைக் கண்டறிந்த தம் குழுவின் மருந்து தசையைக் காக்கும் மருந்தாகும் என்பதை அவர் அறிந்திலர்.

அவர் மறைந்த அதே ஆண்டில், செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு இராச்செசுடர் நகரில் பிலிப் எஞ்சு என்னும் மருத்துவர், மூட்டுநோயால் வருந்திய பெண்மணி ஒருவர்க்குக் கார்ட்டிசோன் என்னும் புதுமருந்தை முதன்முதலாகச் செலுத்தினார். நடக்க மாட்டாதிருந்தவர் சில நாளில் நடந்தார். அழற்சியை அடக்கும் இவ்வகை மருந்துகள் தோல்தசை அழற்சிக்கும் பயன்படத் தொடங்கின. அவை வருமுன்னர், இந்நோயுற்ற குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர், ஒரு பங்கினர் முடமாயினர், எஞ்சியோரே நலமுற்றனர். இன்று நல்ல மருத்துவம் கிட்டும் இடங்களில் இறப்பவர் நூற்றுக்கு இருவர் மூவரே. கார்ட்டிசோன் வகை மருந்துக்கும் குறைபாடுகள் உண்டு. முகம் உப்பும், எலும்பு வலுவிழக்கும், வளர்ச்சி தடைப்படும். ஆகவே அதனோடு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைச் சேர்த்தால் நன்று எனப் பலர் கருதினர். 22 நாடுகளைச் சேர்ந்த 139 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2016ஆம் ஆண்டில் அதனை உறுதிப்படுத்திற்று. நோய் அத்துணை அரிதாதலின், 139 பேரைச் சேர்ப்பதற்கே 22 நாட்டு மருத்துவர் கைகோத்தல் வேண்டியதாயிற்று.

வேறு வழிகளும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஈந்த குருதியினின்று பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை நரம்பின்வழிச் செலுத்தினால், பிறழ்ந்த காவல் ஓரளவு அமைதியடைகின்றது. அண்மைக்காலத்தில், இன்டர்பெரானின் முரசொலி உயிரணுவின் செவியிற் படாதவாறு தடுக்கும் மருந்துகளையும் மருத்துவர் கையாளத் தொடங்கியுள்ளனர். மருந்தோடு வெயிலினின்று தோலைக் காத்தலும், அளவறிந்த உடற்பயிற்சியும் வேண்டும். நலிந்த தசைக்கு ஓய்வே நல்லது என்று முன்னாளில் கருதினர். பயிற்சியால் தசை கெடாமல் வலுப்பெறுதலை இன்று அறிந்துள்ளனர்.

குழந்தைகள் நலமுறுதலை அளக்க மருத்துவர் வகுத்துள்ள தேர்வு ஒன்று உண்டு. எழுதும் தேர்வன்று அது. 14 செயல்களைக் கொண்டது. முழு மதிப்பெண் 52. மல்லாந்து படுத்தபடி தலையைத் தூக்கி, அது தாழுமளவும் எண்ணுதல் முதற் செயல். அதன்பின் காலை உயர்த்தல், கையூன்றாது எழுந்து அமர்தல், தரையிலிருந்து எழுதல், படியில் ஏறுதல் என வரிசையாகச் செல்லும். தொடக்கத்தில் ஓரிரு நொடியும் தலையைத் தாங்கமாட்டாத பிள்ளை, சில திங்கள் மருத்துவத்தின்பின் மருத்துவர் எண்ணி முடிக்குமளவும் தாங்கி நிற்பதுண்டு. இறுதிச் செயல், நின்றபடி குனிந்து, தரையில் கிடக்கும் எழுதுகோலை எடுத்து நிமிர்தல்.